கலியபெருமாள் பிடித்துவைத்த சுவர்

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம் கிட்ட. அந்தக் கம்பத்துக்கு அந்தாண்ட உட்கார்ந்தால் பாதிக் கதைதான் காதில் விழும், மீதியை நீங்களாக இட்டுக்கட்டி வேறு எங்கேயாவது போய்ச் சொல்வீர்கள், அப்புறம் கருக்கன்படுகைக்காரன் புளுகுகிறான் என்று எனக்குத்தான் பேர் வரும். நான் அந்த அரிசி மில்லில் முப்பது வருசம் மூட்டை தூக்கினவன். மூட்டையை இறக்கிவிட்டு நிமிர்ந்தால் கண்ணுக்கு எதிரே அந்தச் சுவர்தான். படிப்பு எழுத்துக்கூட்டுகிற அளவுக்குத்தான், ஆனால் காது நல்ல காது.

எங்கள் ஊரில் உள்ளாட்சித் தேர்தல் நடந்து இருபத்தேழு வருசம் ஆகியிருந்தது. ஒரு வருசம் கேசு, ஒரு வருசம் கணக்கெடுப்பு, ஒரு வருசம் வார்டு பிரிப்பதில் தகராறு, ஒரு வருசம் புயல், புயல் போனதும் மறுபடியும் கேசு. பிரெஞ்சுக்காரன் ஆண்டுவிட்டுப் போன சீமை எங்களுது, அதனால் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசு என்று ஒரு கட்டடம் உண்டு, அதற்குள் தலைவர் நாற்காலி என்று ஒன்று உண்டு, அதன்மேல் ஒரு பூனை வம்சம் நாலு தலைமுறையாகக் குட்டி போட்டுக்கொண்டிருந்தது. வியாழக்கிழமைதோறும் கமிஷனர் என்று ஒரு அதிகாரி ஜீப்பில் வருவார். பூனையைத் தொந்தரவு பண்ணாமல் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து மனுவை வாங்குவார், வாங்கின மனுவைக் கட்டுவார், கட்டின மனுவைப் பரண்மேல் ஏற்றிவிட்டு நாலு மணிக்குப் போய்விடுவார். அரிசி மில் தெருச் சாக்கடை ஒன்பது மனுவாகப் பரண்மேல் இருந்தது. சாக்கடை என்னமோ தெருவில்தான் இருந்தது.

அப்படிப்பட்ட ஊரில் தேர்தல் நாளைக்கே வருகிற மாதிரி இருபத்தேழு வருசமும் வாழ்ந்தவன் ஒருத்தன் உண்டு. மைக்செட் கலியபெருமாள். தேர்தல் நேரத்தில் சுவர் பிடிப்பது என்று ஒரு வழக்கம் இருக்கிறது, உங்களுக்கும் தெரியும்: நல்ல சுவராகப் பார்த்து எவன் முதலில் வெள்ளையடித்துத் தன் பேரைப் போட்டு 'முன்பதிவு' என்று எழுதுகிறானோ, சுவர் அவனுக்கு. அடுத்தவன் கை வைக்கமாட்டான், வைத்தால் மண்டை உடையும். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத சட்டம், ஆனால் புத்தகத்தில் இருக்கிற சட்டங்களைவிட ஒழுங்காக நடக்கிற சட்டம். கலியபெருமாள் வருசா வருசம் சித்திரை பிறந்ததும் சுண்ணாம்பு வாளியும் நீல மையுமாகக் கிளம்பி, பதினாலு சுவருக்கு வெள்ளையடித்து, பதினாலிலும் 'கலியபெருமாள் – உள்ளாட்சித் தேர்தல் – முன்பதிவு' என்று எழுதுவான். அதில் ராஜா மாதிரி சுவர் மில் சுவர், பஸ் நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே. கட்டின வீட்டுக்கு வெள்ளையடித்தானோ இல்லையோ, அந்தச் சுவருக்கு ரெண்டு கோட்டு அடிப்பான். அவனுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று: கண்ணை மூடுவதற்குள் ஒரே ஒரு தடவை ஊர் தன் பேருக்கு ஓட்டுப் போட, அதை ஒருத்தர் எண்ணி உரக்கச் சொல்ல, தன் காதால் கேட்கவேண்டும்.

இப்போது அமிர்தவல்லி. கலியபெருமாளுக்கு மாமன் மகள். பள்ளிக்கூடத்தில் அவள் நோட்டைப் பார்த்து எழுதித்தான் அவன் எட்டாவது தேறினான். ரெண்டு பேருக்கும் கல்யாணம் என்று பேச்சு இருந்தது. பேச்சு இருக்கும்போதே பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டு வைத்திருந்த குடும்பத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வர, மாமன் அந்தப் பாஸ்போர்ட்டை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டுப் பெண்ணைக் கொடுத்துவிட்டார். கலியபெருமாள் அப்போது பொறாமைப்பட்டது மாப்பிள்ளையைப் பார்த்து அல்ல, பாஸ்போர்ட்டைப் பார்த்து. அடுத்த வருசம் பட்டினத்திலிருந்து பவுனம்மாளைக் கட்டிக்கொண்டு வந்தான். இந்தப் பேச்சு விட்டுப்போன கதை பவுனம்மாளுக்குத் தாலி ஏறின மூணாம் நாள் தெரிந்தது, தெரிந்த நாளிலிருந்து அவளுக்குள் ஒரு முள் இருந்தது, அதை அவள் எடுக்கவும் இல்லை, யாருக்கும் காட்டவும் இல்லை.

அமிர்தம் போய்ச் சேர்ந்தது பிரான்சில் ஒரு மலையடிவாரச் சின்ன ஊர். பேர் நம் வாயில் நுழையாது. நாங்கள் அமிர்தத்து ஊர் என்றே சொல்வோம். அங்கே பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டில் வேலை. இருபது வருசம் பிள்ளைகளுக்குத் தட்டில் ஊற்றிப் போட்டாள், சாப்பிடாத பிள்ளையைச் சாப்பிட வைத்தாள், பஸ் வராத நாளில் பிள்ளைகளை நடத்திக் கூட்டிக்கொண்டு போய் வீட்டில் விட்டாள். அவள் கையால் தின்ற பிள்ளைகள் வளர்ந்து ஓட்டுப் போடுகிற வயசுக்கு வந்தபோது, அவளை நிற்கச் சொல்லி ஓட்டுப் போட்டு உறுப்பினர் ஆக்கிவிட்டார்கள். அப்புறம் பழைய மேயர் உடம்பு முடியாமல் விலக, உறுப்பினர்கள் கூடி அவளையே மேயராக ஏற்றினார்கள். அங்கே மேயரை மேர் என்பார்கள். புடவைக்குக் குறுக்கே மூணு வண்ணப் பட்டை கட்டி அவள் சிரிக்கிற படம் ஊரில் எல்லோர் செல்போனுக்கும் வந்தது.

"சமையக்காரிக்கு வந்த வாழ்வைப் பாரு" என்றான் கலியபெருமாள்.

"நீங்க மைக்செட்டுக்காரர்தான, கலெக்டர் இல்லையே" என்றாள் பவுனம்மாள்.

மறுநாள் காலையில் நாங்கள் மில்லுக்கு வந்தபோது, மில் சுவரில் கலியபெருமாள் பேர் இல்லை. அதே நீல மையில், இடது பக்கம் சாய்ந்த எழுத்தில், தமிழில் இப்படி இருந்தது: 'மேர் அலுவலக அறிவிப்பு. வாசலில் விழுந்து கிடக்கும் பனியை அந்தந்த வீட்டுக்காரரே காலை எட்டு மணிக்குள் அள்ளிவிட வேண்டும். – அமிர்தவல்லி.'

எப்படி வந்தது என்று கேட்டவர்கள் கொஞ்சம் பேர், அவர்களும் வெயில் ஏறினதும் போய்விட்டார்கள். மீதிப் பேருக்குக் கவலை வேறு. இருபத்தேழு வருசம் கழித்து ஊருக்கு ஒரு அறிவிப்பு வந்திருக்கிறது, பனிக்கு எங்கே போவது?

"எட்டு மணின்னா யாரோட எட்டு மணி?" என்று கேட்டார் சொல்தா மரியதாஸ். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், எங்கள் ஊரில் பனியை மிதித்த ஒரே கால் அவருடையதுதான். "அங்க எட்டுன்னா நமக்குப் பன்னெண்டரை."

"பனியே இல்லையேண்ணே, எத அள்ளுறது?" என்றது கூட்டம்.

பவுனம்மாள் இடுப்பில் குடத்தோடு நின்றாள். "வாசல்ல விழுந்து கெடக்கறதுன்னுதான போட்டிருக்கு. அவங்க வாசல்ல பனி விழுது, நம்ம வாசல்ல பிளாஸ்டிக்கு விழுது, ஆட்டுப் புழுக்கை விழுது. விழறத அள்ளுங்க. பன்னெண்டரை வரைக்கும் நேரம் இருக்கு, நல்லதாப் போச்சு."

அன்றைக்குப் பன்னிரண்டரைக்குள் கருக்கன்படுகை வாசல்கள் எல்லாம் சுத்தமாகிவிட்டன. அப்படித்தான் ஆரம்பித்தது. சுவர் சொன்னது, ஊர் கேட்டது. நாய்களைக் கயிற்றில் பிடித்துத்தான் தெருவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று சுவர் சொன்னது; எங்கள் தெரு நாய்களுக்குச் சொந்தக்காரர் கிடையாது, ஆகவே கூட்டம் போட்டு ஆளுக்கொரு நாயைப் பங்கு வைத்தார்கள், பங்கு கிடைக்காத ரெண்டு வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டு பக்கத்து ஊர் மேலப்படுகையிலிருந்து நாய் கொண்டுவந்தார்கள். குப்பை வண்டி புதன்கிழமை வரும் என்று சுவர் சொன்னது. வண்டி வரவில்லை, ஆனால் புதன்கிழமை எல்லோரும் குப்பையைக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்க, நிற்கிற ஜனத்தைப் பார்த்து வெட்கப்பட்டு மில் முதலாளி தன் டிராக்டரை அனுப்பினார். ஆவணி வாக்கில் மேர் மூணு வாரம் விடுமுறை, அவர் இல்லாத நாட்களில் அடுத்த இடத்தில் இருப்பவர் பொறுப்பைப் பார்ப்பார் என்று சுவர் சொன்னது. ஊரும் மூணு வாரம் குப்பை அள்ளாமல் விடுமுறையில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் சத்தம் போடும் கருவிகளை ஓட்டக்கூடாது என்று சுவர் சொன்ன அன்றுதான் கலியபெருமாள் வாய்விட்டுக் கத்தினான். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் ஒன்றில் அவன் குழாயைக் கட்டி வாய் திறப்பதற்குள் பெண் வீட்டார் வந்து, "அண்ணே, சொவத்த நீங்க படிக்கலையா?" என்று கேட்டுவிட்டார்கள்.

"அது என் சுவருடா! இருவத்தேழு வருசமாப் புடிச்சு வச்ச சுவரு!"

"சுவரு ஒங்களுதுதாண்ணே, எழுத்து அமுர்தம் அக்காளுது" என்றார்கள், ரொம்ப மரியாதையாக.

அவன் சுண்ணாம்பு அடித்தான். அது காய்ந்ததும் எழுத்து மேலே வந்தது. தார் பூசினான்; தார்மேல் வெள்ளையாக வந்தது. கடைசியில் தன் படத்தைப் பெரிசாகப் போட்டு, கை கூப்பின மாதிரி ஒரு பிளக்ஸ் அடித்துச் சுவர் முழுக்கக் கட்டினான். விடிந்தபோது அந்தப் படத்தின் இடது கன்னத்தில், 'நூலகம் செவ்வாயும் வெள்ளியும் திறந்திருக்கும் – அமிர்தவல்லி' என்று இருந்தது. பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாம் அவன் கன்னத்தைப் படித்துவிட்டுப் போனார்கள். அந்தச் சாய்ந்த எழுத்து அவனுக்குத் தெரிந்த எழுத்து. எட்டாவது வகுப்பில் அதைப் பார்த்துத்தானே எழுதினான்.

ஆனால் பொறாமை அவனோடு நிற்கவில்லை. சுவர் ஒருநாள், 'பாலத்து விளக்கு எரியவில்லை என்று திங்கட்கிழமை புகார் வந்தது. புதன்கிழமை எரிந்தது' என்று சொன்னது. ஊர் அதைப் படித்துவிட்டு வெகுநேரம் நகரவில்லை. நான் பார்த்தேன், நூறு முகத்திலும் ஒரே முகம். புருஷன் வாங்கித்தந்த வளையலை எதிர்வீட்டுக்காரி காட்டும்போது வருகிற முகம். "திங்கள், செவ்வா, புதன்" என்று ஒருத்தி விரல் விட்டு எண்ணினாள். "நம்ம சாக்கடைக்கு எத்தன புதன் ஆச்சுடி?"

வியாழக்கிழமை பெண்கள் அத்தனை பேரும் கமிஷனர் முன்னால் போய் நின்றார்கள். முன்னால் பவுனம்மாள்.

"அமுர்தத்து ஊர்ல மூணே நாள்ல வெளக்கு எரிஞ்சிடுச்சு சார்."

"எந்த ஊரும்மா அது? எந்தக் கொம்யூன்?"

"பிரான்சு சார். சொவத்துல வந்திருக்கு."

கமிஷனர் வந்து பார்த்தார். தொட்டுப் பார்த்தார். நல்ல மனிதர், பயந்த மனிதர். "இத எந்த ஃபைல்ல வைக்கிறது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். வைக்க இடம் இல்லாததால், ரெண்டு விளக்குப் போட ஆள் அனுப்பினார். சாக்கடை மட்டும் பெரிய வேலை, அதற்குத் தீர்மானம் வேண்டும், தீர்மானத்துக்குத் தலைவர் வேண்டும், தலைவருக்குத் தேர்தல் வேண்டும் என்றார். பூனை அவரையே பார்த்தது.

விளக்கு எரிந்ததும் மேலப்படுகைக்காரர்களுக்குத் தூக்கம் போயிற்று. அவர்களும் ஊரிலேயே நல்ல சுவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மூணு கோட்டு வெள்ளையடித்து, மாலை போட்டு, கற்பூரம் காட்டிக் காத்திருந்தார்கள். ஒன்றும் வரவில்லை. "எங்க ஊர்லேருந்தும் நாப்பது பேரு வெளிநாடு போயிருக்கான், ஒருத்தனும் கரண்டி புடிக்கப் போகலையே" என்று அங்கலாய்த்தார்கள். பிறகு வெட்கத்தை விட்டு மொபெட்டில் வந்து எங்கள் சுவரைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள். எழுதும்போது எங்களைத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

கலியபெருமாள் தாங்கமாட்டாமல் அமிர்தத்துக்கு போன் போட்டான். மில் வாசலில், எங்கள் காதுபட.

"என்ன அமுர்தம், என் சுவருதான் கெடைச்சுதா ஒனக்கு?"

அவள் சிரித்தது எங்களுக்கே கேட்டது. "அத்தான், மேர் ஆனதுலேருந்து நான் இங்க எதுல கையெழுத்துப் போட்டாலும் கை தானா தமிழ்ல போடுது. இவங்களும் அழகா இருக்குன்னு வுட்டுட்டாங்க. அங்க வருதுன்னு பவுனு அக்கா சொல்லித்தான் தெரியும். ஏன் அத்தான், நான் பனி அள்ளச் சொன்னா இங்க பாதிப் பேரு அள்ளறதில்ல, நோட்டீசு மேல நோட்டீசு ஒட்டறேன். நீங்க பனியே இல்லாம அள்ளிட்டீங்களாம்ல? கொடுத்து வச்சவங்க நீங்க. இங்க எல்லாரும் 'மதாம் லெ மேர்'னு மரியாதையாத்தான் கூப்புடுறாங்க. ஏய் அமுர்தம்னு கூப்புட ஒரு ஆளு கெடையாது. ஒங்களுக்குப் பஸ் ஸ்டாண்டுல நின்னா நாலு பேரு மாமாம்பான், நாலு பேரு சித்தப்பாம்பான். எனக்கு வயிறு எரியுது அத்தான்."

கலியபெருமாள் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். தன்மேல் ஒருத்தி பொறாமைப்படுவாள் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை. ரெண்டு நாள் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தான். மூணாம் நாள் சுவரில் அது வந்தது.

'நகராட்சித் தேர்தல். அடுத்த மாதம் ரெண்டாம் ஞாயிறு. காலை எட்டு முதல் மாலை ஆறு வரை. நிற்க விரும்புவோர் பேர் கொடுக்கலாம்.' கீழே ரெண்டு பேர்: அமிர்தவல்லி. பெர்னார்.

ஊர் ஒரு நிமிசம்தான் யோசித்தது. இதுவரை சுவர் சொல்லி எதைச் செய்யாமல் இருந்தோம்? தேர்தல் என்றால் தேர்தல். கலியபெருமாள் மூச்சு வாங்க ஓடிவந்து, ரெண்டு பேருக்கும் கீழே மூணாவதாகத் தன் பேரை எழுதினான். அழியவில்லை. இருபத்தேழு வருசத்தில் முதல் தடவையாக அவன் பேருக்குப் பக்கத்தில் முன்பதிவு என்ற சொல் இல்லாமல் இருந்தது.

ஆனால் சந்தோசப்பட விட்டதா அந்தப் பாழாய்ப்போன நெஞ்சு? அவள் பேர் தன் பேருக்கு மேலே இருக்கிறது. இங்கேயும் அவளேதான் ஜெயிப்பாள், கேட்கவே வேண்டாம். அங்கே அவள் தோற்றுப் போனால்தான் இந்த எழுத்து நிற்கும், சுவர் திரும்பும். அப்படி நினைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை காலையில் குளித்து, தேங்காய் பழத்தட்டோடு பெருமாள் கோயிலுக்குப் போனான்.

"யார் பேருக்கு அர்ச்சனை?" என்றார் பட்டர்.

"பெர்னார்."

"நட்சத்திரம்?"

"தெரியல சாமி."

"கோத்திரம்?"

"அது... வெள்ளக்கார கோத்திரம்."

பட்டர் தட்டைக் கீழே வைத்தார். "கலியபெருமாள், பெருமாளுக்கு ஆள் அடையாளம் தெரிய வேண்டாமா? வேற எந்தப் பெர்னாருக்காவது போய்ச் சேர்ந்துட்டா நான் பொறுப்பில்லை. ஊராவது சொல்லுங்கோ."

"அமுர்தத்து ஊரு" என்றான் மெதுவாக.

"ஓ, அமிர்தத்தை எதிர்த்து நிக்கிறவரா!" என்றார் பட்டர், கோயில் மணியைவிடச் சத்தமாக.

பூக்காரி வழியாக விசயம் அவனுக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போய்விட்டது. பவுனம்மாள் வாசலிலேயே நின்றாள். எட்டு வீடு தள்ளி நின்ற எனக்குக் கேட்டது.

"முப்பத்தஞ்சு வருசத்துல எம் பேருக்கு ஒரு அர்ச்சனை பண்ணியிருக்கீங்களா நீங்க? மூஞ்சி தெரியாத பெர்னாருக்குப் பண்றீங்க. அவ தோக்கணும்னு. அவ ஜெயிக்கணும்னு ஒருத்தன் சாமி கும்புட்டாலும் தோக்கணும்னு கும்புட்டாலும் நெனப்பு என்னங்க, ஒரே நெனப்புதான. காலைல எழுந்தா சொவரு, ராவுல படுத்தா சொவரு. எம் மூஞ்சில ஒரு எழுத்து எழுதியிருந்தா என்னையும் பாத்திருப்பீங்களோ என்னமோ."

 அவள் உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு, வேறு புடவை கட்டிக்கொண்டு, வெளியே வந்து நேராகத் தெருவில் இறங்கினாள். அன்றையிலிருந்து பத்து நாள் வீடு வீடாக ஏறினாள். எங்கள் வீட்டுக்கும் வந்தாள், என் சம்சாரத்திடம் பேசினதை அப்படியே சொல்கிறேன்.

"அமுர்தத்துக்குப் போடாதீங்கன்னு நான் சொல்லலடி. தாராளமாப் போடுங்க. ஆனா அவ அங்கேருந்து வந்து நம்ம சாக்கடையில எறங்குவாளா? கூப்புட்ட கொரலுக்கு ஒரு ஆளு வேணும்ல? வீட்டுக்கு ஒரு ஓட்டு, ஒண்ணே ஒண்ணு, எங்க வீட்டுக்காரருக்குப் போடுங்க. மிச்சத்த யாருக்கு வேணா போட்டுக்கங்க."

வீட்டுக்கு ஒன்று என்று கேட்டால் யார் இல்லையென்பார்கள்? கல்யாணத்துக்கு வீட்டுக்கு ஒரு ஆள் வாருங்கள் என்று கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

தேர்தலைச் சொல்தா மரியதாஸ் நடத்தினார், அவர்தான் பிரான்சுத் தேர்தலுக்கு ஓட்டுப்போட்ட ஆள். மூணு பேருக்கும் தனித்தனிச் சீட்டு. மூணையும் எடுத்துக்கொண்டு மறைப்புக்குள் போய், வேண்டிய சீட்டை உறையில் போட்டுவிட்டு மற்ற ரெண்டையும் கசக்கி எறிந்துவிட வேண்டும். உறைக்கு அவரவர் வீட்டுப் பழைய கல்யாணப் பத்திரிகை உறை, மஞ்சள் தடவின மூலையோடு. பெட்டி வெளியே இருந்து பார்த்தால் உள்ளே தெரியவேண்டுமாம். தண்ணீர் கேன் ஒன்றை வாய் அறுத்து வைத்தார்கள். ஒவ்வொரு உறை விழும்போதும் சொல்தா விறைப்பாக நின்று "போட்டாச்சு!" என்று கத்துவார். கேஸ் போட்டவர்கள், கணக்கெடுத்தவர்கள், வார்டு பிரித்தவர்கள் யாரும் வந்து தடுக்கவில்லை. அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. மேலப்படுகைக்காரர்கள் வாய்க்கால் மேட்டில் வரிசையாக உட்கார்ந்து ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கலியபெருமாள் புது வேட்டியில் வந்தான். மறைப்புக்குள் போனவன் வெகுநேரம் வரவில்லை. வந்து உறையைப் போட்டான், "போட்டாச்சு!" என்றார் சொல்தா, அவன் ரெண்டு எட்டு நடந்துவிட்டுத் திடீரென்று நின்றான். பிறகு போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தவன் ஆறு மணி வரை எழுந்திருக்கவில்லை.

எண்ணுவதற்கு எல்லோருமாகப் பவுனம்மாளைத்தான் உட்கார வைத்தார்கள். அவள் ஒவ்வொரு உறையாகப் பிரித்து உரக்கப் படித்தாள், நான் பக்கத்தில் நின்று புளியங்கொட்டை போட்டேன். மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு. அமிர்தவல்லி முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு. கலியபெருமாள் இருநூற்றுப் பதின்மூன்று. பெர்னார் ஒன்று.

ஊர் கைதட்டியது. பவுனம்மாள் தட்டவில்லை. எங்கள் ஊரில் வீடு மொத்தம் இருநூற்றுப் பதினாலு. ஒரு வீடு குறைகிறது. தன் வீட்டுக்கான அந்த ஒற்றை ஓட்டைப் புருஷனே போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, தன் ஓட்டை அவள் அமிர்தத்துக்குப் போட்டிருந்தாள். தன் பேரைத் தானே போட்டுக்கொள்ளாத மனிதன் உலகத்தில் உண்டா? அவள் மெல்ல எழுந்து வேப்பமரத்தடிக்குப் போனாள்.

"பெர்னாருக்கா போட்டீங்க?"

அவன் தலையைத் தூக்கவில்லை. "மூணு சீட்டு கைல இருந்துச்சு பவுனு. அவ பேருதான் கண்ணுல பட்டுச்சு. அவளத் தோக்கடிக்கற சீட்டு எது எதுன்னு தேடி அத உள்ள வச்சேன். எம் பேரக் கசக்கி எறிஞ்சிட்டேன். வெளில வந்தப்புறந்தான் நெனப்பு வந்துச்சு."

பவுனம்மாள் அவனைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பு. முப்பத்தைந்து வருசத்து முள் அந்தச் சிரிப்போடு வெளியே வந்து விழுந்த மாதிரி இருந்தது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"ஆவணி மாசம் சொவத்துல என்ன வந்துச்சு? மேர் விடுமுறைல இருந்தா அடுத்த எடத்துல இருக்கறவர் பொறுப்பப் பாப்பாருன்னு வந்துச்சா இல்லையா? அமுர்தம் நம்ம ஊர்ல என்னைக்கும் விடுமுறைதான? அடுத்த எடத்துல யாரு?"

இருநூற்றுப் பதின்மூன்று வீடும் அவனைத் திரும்பிப் பார்த்தது. அவன் அழுதான்.

வியாழக்கிழமை கமிஷனர் வந்தார், நாற்காலியில் பூனை இல்லை, கலியபெருமாள் இருந்தான், குட்டிகள் மடியில் இருந்தன. கமிஷனர் வியர்த்துப் போனார். "இதெல்லாம் செல்லாதும்மா."

"செல்லாதுன்னு எழுதிக் குடுத்துடுங்க சார்" என்றாள் பவுனம்மாள். "அப்படியே எப்போ நடந்தாச் செல்லும்னு தேதியும் அதுலயே போட்டுடுங்க. பதினோரு ஊர்ல கேக்கறாங்க."

கேட்கத்தான் செய்தார்கள். மேலப்படுகைக்காரர்கள் அடுத்த ஞாயிறே தண்ணீர் கேன் அறுத்துவிட்டார்கள், அவர்களைப் பார்த்து வயிறெரிந்து வடக்குத் தெரு, அதைப் பார்த்து ஆற்றுக்கு அந்தப் பக்கம். கமிஷனர் பேனாவை மூடினார், திறந்தார், மூடினார். கடைசியில் பரண்மேல் ஏறி ஒன்பது மனுவையும் தூசி தட்டி எடுத்துக் கலியபெருமாள் கையில் கொடுத்துவிட்டு, ஸ்டூலைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

அங்கே அமிர்தம் பதினோரு ஓட்டில் ஜெயித்தாள். ஆனால் அன்றைக்குப் பிறகு மில் சுவரில் ஒன்றும் வரவில்லை. மறுநாளும் வெறும் வெள்ளை, அதற்கு மறுநாளும் வெறும் வெள்ளை. ஊர் வந்து நின்று பார்த்தது. கலியபெருமாள் மையும் தூரிகையுமாக வந்தான். அவன் சுவர் அவனுக்குத் திரும்பிவிட்டது. பழக்கத்தில் தன் பேரை எழுதக் கையைத் தூக்கியவன், அதை விட்டுவிட்டு வேறு எழுதினான்: 'மில் தெருச் சாக்கடை செவ்வாய்க்கிழமைக்குள் தூர் வாரப்படும்.' எழுதிவிட்டான், ஆள் கிடைக்கவில்லை, டிராக்டர் பழுது. திங்கட்கிழமை காலையில் மண்வெட்டியோடு அவனே இறங்கினான். அவன் இறங்கினதைப் பார்த்துச் சும்மா நிற்க முடியாமல் நாங்களும் இறங்கினோம்.

இடுப்பளவு சேற்றில் நிற்கும்போது போன் வந்தது. அமிர்தம்.

"என்ன அத்தான் பண்ணி வச்சிருக்கீங்க? எங்க ஆபீசு பலகையில இவங்க பாஷைல, ஒங்க கோணல் எழுத்துல, சாக்கடை செவ்வாக்கெழமைக்குள்ளன்னு வந்திருக்கு. எங்க வீட்டு முன்னாடி எப்போன்னு இங்க எல்லாரும் என் உசுர வாங்கறாங்க. ஒரு வாரம்னு எழுதக்கூடாதா?"

கலியபெருமாள் சேற்றுக் கையால் போனைப் பிடித்துக்கொண்டு வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான். இந்தச் செய்தியைப் பவுனம்மாளிடம்தான் முதலில் சொல்லவேண்டும் என்று தோன்றி, "பவுனு! பவுனு!" என்று கூப்பிட்டுக்கொண்டு மேலே ஏறினான். வீட்டில் அவள் இல்லை. சுண்ணாம்பு வாளியும் இல்லை.

ரேசன் கடைச் சுவரண்டை இருந்தாள். அவன் பிடித்துவைத்த பதினாலில் ரெண்டாவது நல்ல சுவர் அது. அவன் பேர்மேல் ரெண்டு கோட்டு சுண்ணாம்பு அடித்துக் காயவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தும் ஒரு முழம் இருக்கும்படி நீல மையில் எழுதிக்கொண்டிருந்தாள். அவன் பின்னால் வந்து நின்றது அவளுக்குத் தெரியும். திரும்பவில்லை. 'பவுனம்மாள் – அடுத்த தேர்தல் – முன்பதிவு' என்று எழுதி முடித்தாள், ரெண்டு எட்டு பின்னால் வந்து சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள், மை இன்னும் மிச்சம் இருக்கிறதே என்று வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த சுவருக்குப் போனாள்.